நெல் சுணை பட்ட கண்ணும் மருந்துக்கடைச் சொட்டு மருந்தும்

மேலூர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தை அறுவடையில் அப்பாவின் வலது கண்ணில் நெல் சுணை அடித்துவிட்டது. கரகரப்பு நிற்கவில்லை என்று ஊர் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் வலியும் சிவப்பும் குறைந்தது. அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து, நாளுக்கு நாள் பெரிதாகி, பார்வை மங்கியதும் மதுரைக்கு ஓடி வந்திருக்கிறார்கள். பூஞ்சைப் புண் என்று சொல்லி, முதல் வேலையாகப் பழைய சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, நாட்டமைசின் என்ற பூஞ்சைக்கான சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மகனின் கேள்விகள்: கண்ணுக்குள் பூஞ்சை எப்படி வரும்? மருந்துக்கடைச் சொட்டு மருந்தால்தான் முற்றியதா? இதைவிடப் புதிய, விலை கூடிய மருந்து உண்டு என்கிறார்களே, அதைக் கேட்டு வாங்கலாமா? செல்போனில் கண்ணைப் படம் எடுத்தால் என்ன கிருமி என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்பது உண்மையா? கடைசியாக, விழுந்த பூ போகுமா?

இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் கிடைத்த இடமே மதுரைதான். சோழவந்தானிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் வயலில் கண்ணை அடிபட்டுக்கொண்டு வந்தவர்களை வைத்துத்தான் உலகத்துக் கண் மருத்துவப் புத்தகங்கள் இந்தப் பாடத்தைக் கற்றன. ஆனால் அந்தப் பாடம் மேலூர் மருந்துக்கடை வரை இன்னும் வந்து சேரவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

முதலில் பூஞ்சை. இது எங்கிருந்தோ வந்த தொற்று இல்லை. ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு வகையும் நம் வயல் மண்ணிலும் வைக்கோலிலும் காய்ந்த சோகையிலும் எப்போதும் இருப்பவை. கதிர் அடிக்கிற களத்தில் பறக்கிற தூசியில் அதன் வித்துகள் கலந்தே இருக்கும். கண் நன்றாக இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணீர் கழுவிவிடும், கருவிழியின் மேல்தோல் உள்ளே விடாது. சுணை அந்த மேல்தோலைக் கீறிவிட்டால்தான் வழி திறக்கிறது. கருவிழியின் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது; இருந்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க முடியாது. அதனால் கிருமியோடு சண்டை போடவேண்டிய வெள்ளணுக்கள் சுற்றுப்புறத்திலிருந்து மெதுவாகத்தான் வந்து சேரும். அதற்குள் பூஞ்சை இழை விட்டு இறங்கிவிடும்.

எவ்வளவு பேருக்கு இப்படி வருகிறது என்று 1993-ஆம் ஆண்டுக்கு மதுரை மாவட்டத்தில் கணக்குப் பார்த்தார்கள். லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 113 கருவிழிப் புண். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கு லட்சத்துக்கு 11. பத்து மடங்கு. மதுரைக் கணக்கை அப்படியே நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்து ஆண்டுக்கு 8.4 லட்சம் பேர் என்றார்கள். அது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்தது இல்லை. ஒரு மாவட்டத்தை வைத்து நாட்டையே அளக்கலாமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான். ஆனால் மதுரை மாவட்டத்துக்கு அந்த எண் நிற்கும்.

அடுத்த வருஷம், 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புதிதாகக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரையும் டாக்டர் எம். சீனிவாசன் குழு சோதித்தது. (1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை. மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.) மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, கணக்காகச் சொன்னால் 65 சதவீதம் பேருக்கு, முன்பு கண்ணில் அடிபட்டிருந்தது. 297 பேரின் மாதிரியில் கிருமி வளர்ந்தது. அதில் பாக்டீரியா மட்டும் 140 பேருக்கு. பூஞ்சை மட்டும் 139 பேருக்கு. மீதியில் 15 பேருக்கு இரண்டும் கலந்து, 3 பேருக்கு அகந்தமீபா என்ற வேறொரு உயிரி. பூஞ்சைகளில் ஏறக்குறைய பாதி ஃபுசேரியம்.

140-க்கு 139 என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம் ஊரில் கண் புண்ணோடு ஒருவர் வந்தால் அது பாக்டீரியாவா பூஞ்சையா என்பது பூவா தலையா போடுகிற கதைதான். பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. குளிர்நாட்டு ஊர்களில் பூஞ்சைப் புண் அபூர்வம். அங்கே எழுதப்பட்ட பழைய பாடத்தை நம்பி ஒரு ஆன்டிபயாடிக்கை எழுதிவிட்டுக் காத்திருந்தால் இங்கே பாதிப் பேருக்குத் தப்பு மருந்து போகும்.

இனி மருந்துக்கடைச் சமாசாரம். அப்பாவுக்குக் கொடுத்த பாட்டில் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் "இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் முற்றியது" என்று சொன்னீர்களே, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் ஸ்டீராய்டு சந்தேகம்தான் வருகிறது. பாட்டில் வீட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம். கீழே பொடி எழுத்தில் உள்ளடக்கம் போட்டிருக்கும். அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் இது தனியாக வராது. ஒரு ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தே வரும். அதனால் கடைக்காரர் "ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து" என்று சொல்லிக் கொடுப்பதில் முழுப் பொய்யும் இல்லை. பாட்டிலை மறக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். எத்தனை நாள் எது போட்டார்கள் என்பது தெரிந்தால் வைத்தியம் மாறும்.

ஸ்டீராய்டு கிருமியைத் தொடாது. உடம்பு கிருமியோடு போடுகிற சண்டையைத்தான் அடக்கும். சிவப்பு, வலி, வீக்கம் எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டை நின்றால் கண் வெளுக்கும், வலி குறையும், "மருந்து கேட்கிறது" என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வேர் விடும். சில பூஞ்சைகள் கருவிழியின் கடைசிச் சவ்வையும் ஊடுருவி, அதன் பின்னால் நீர் நிறைந்திருக்கிற முன்னறைக்குள் போய்விடும். அங்கே போனபின் சொட்டு மருந்து எட்டுவது கஷ்டம். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. மெட்ராஸ் ஐ வந்தவருக்கும் அவர் அதே பாட்டிலைத்தான் கொடுத்திருப்பார், அவருக்குச் சரியாகியிருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதும் கடையில் நடப்பதும் வேறு என்பது ஊரறிந்தது.

மருத்துவர்களே ஸ்டீராய்டு கொடுக்கிறார்களே என்று ஒருவர் வாதம் செய்யலாம். அதையும் இங்கேயே சோதித்தாகிவிட்டது. பாக்டீரியாப் புண் என்று உறுதியான 500 பேருக்கு முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்து, அதன் பிறகு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் பாதிப் பேருக்கு வெறும் திரவமும் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அரவிந்த் மருத்துவமனைகளின் நோயாளிகள். 2012-இல் முடிவு வந்தது: மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. கிருமி இன்னதென்று தெரிந்து, அதற்குரிய மருந்தும் போய்க்கொண்டிருக்கிற கண்ணிலேயே இவ்வளவுதான் பலன். என்ன கிருமி என்றே தெரியாத கண்ணில் அதை ஊற்றுவது எவ்வளவு துணிச்சல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் அப்பாவுக்குக் கண்ணைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். வெளியே நிற்கிற குடும்பத்துக்கு "சுரண்டுவது" என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். நான் ஆய்வகத்தில் கண்ணாடித் தகடு பார்த்துப் பிழைத்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மரத்துப்போகும் சொட்டு விட்டபின் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் பார்க்கும் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே, சின்னப் பிளேடால் புண்ணின் அடியையும் ஓரத்தையும் லேசாக வழித்தெடுப்பார். கடுகில் பாதிகூட இருக்காது. அதைத் தகட்டில் தடவி ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டால் சில நிமிடங்களில் மற்ற செல்கள் கரைந்து மங்கிவிடும். பூஞ்சையின் சுவர் கரையாது. மைக்ரோஸ்கோப்பில் கிளை பிரிந்து கணுக் கணுவாக ஓடுகிற இழைகள் தெரிந்தால் பூஞ்சை என்று அப்போதே சொல்லிவிடலாம். இன்னொரு தகட்டில் சாயமேற்றிப் பாக்டீரியா பார்ப்போம். மீதியைக் கிருமி வளர்க்கிற வளர்ப்பூட்டத்தில் 'C' வடிவமாகக் கீறி வைப்போம். கீறின கோட்டின் மேல் வளர்ந்தால்தான் அது கண்ணிலிருந்து வந்தது, கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்தது என்று ஒதுக்கிவிடுவோம். எந்தப் பூஞ்சை என்ற பெயர் தெரியச் சில நாள் பிடிக்கும். ஆனால் வைத்தியம் முதல் தகட்டைப் பார்த்த அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். இதற்கு வேண்டியது ஒரு மைக்ரோஸ்கோப்பும் பழகின கண்ணும்தான். வட்டார அளவில் இதைப் பரப்பினால் பல கண் பிழைக்கும் என்பது என் எண்ணம்.

சரி, விலை கூடிய மருந்துக்கு வருவோம். அதன் பெயர் வோரிகோனசோல். உடம்பின் உள்ளே பரவும் பூஞ்சைத் தொற்றுகளுக்காக வந்த மருந்து, 2000-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. கருவிழிக்குள் நன்றாக ஊறி இறங்கும், ஆய்வகத்தில் சோதித்தால் பல பூஞ்சைகளை அடக்கும். நாட்டமைசினோ 1950-களில் தென்னாப்பிரிக்க மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. மூலக்கூறு பெரிது, உள்ளே இறங்காது. பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சை பிடிக்காமல் தடவுவதும் இதே சரக்குதான்! தாளில் எழுதிப் பார்த்தால் புதியதுதான் ஜெயிக்க வேண்டும். நிறைய மருத்துவர்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

மதுரையில் டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவும் சான்பிரான்சிஸ்கோவில் டாக்டர் தாமஸ் லீட்மனும் சேர்ந்து 2010-இல் இதைச் சோதிக்க இறங்கினார்கள். பூஞ்சைப் புண் வந்த 323 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. பாட்டிலில் எது இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் வோரிகோனசோல் பக்கம் கருவிழி ஓட்டை விழுந்தவர்களும் அவசரமாக மாற்று அறுவை தேவைப்பட்டவர்களும் கூடிக்கொண்டே போனதால், கண்காணிப்புக் குழு சேர்க்கையை முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டது. 2013-இல் வெளியான முடிவு: மூன்று மாதம் கழித்து நாட்டமைசின் போட்டவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக இரண்டு வரிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாகப் படித்தார்கள். ஃபுசேரியம் வந்தவர்களை மட்டும் எடுத்தால் வித்தியாசம் நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய சமம். நம் பக்கத்தில் ஃபுசேரியம்தான் அதிகம் என்பதால் நமக்கு இது பெரிய சேதி. வோரிகோனசோலை மாத்திரையாகவும் சேர்த்துக் கொடுத்தால் உதவுமா என்று அடுத்த சோதனை நடத்தினார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசின் சொட்டு மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, அப்பாவுக்குக் கொடுத்திருப்பது மலிவான மருந்து என்று சந்தேகப்பட வேண்டாம். முதல் மருந்தே அதுதான். கேட்காதபோது வேறு எதைச் சேர்ப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதைப் போடுகிற விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நாட்டமைசின் கரையாது, பாலில் மாவு கலந்தமாதிரி நிற்கும். குலுக்காமல் விட்டால் மேலே இருக்கிற தண்ணீர்தான் கண்ணில் விழும், மருந்து பாட்டிலின் அடியில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். புண்ணின் மேலும் இமையோரத்திலும் வெள்ளையாக ஒட்டுவது மருந்துதான், பயப்படாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருப்பார்கள்; வயலுக்கும் வீட்டுக்கும் அலைகிற குடும்பத்தில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை மெதுவாகத்தான் அடங்கும், வாரக்கணக்கில் ஆகும். நாலு நாளில் குறையவில்லை என்று வேறு மருத்துவமனைக்குத் தாவினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதே சமயம் திடீரென்று சூடான தண்ணீர் கொட்டினமாதிரி இருந்தாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் போங்கள். ஓட்டை விழுந்திருக்கலாம்.

செல்போன் படக் கதைக்கு ஆதாரம் இருக்கிறது. பூஞ்சைப் புண்ணின் ஓரம் பிசிர் பிசிராக இருக்கும், பக்கத்தில் சின்னத் துணைப்புள்ளிகள் விழும், மேற்பரப்பு வறண்டு தடித்திருக்கும் என்றெல்லாம் அடையாளம் சொல்வார்கள். அப்படியானால் பார்த்தே சொல்லிவிடலாமே? கருவிழி நிபுணர்களிடம் வெறும் படங்களைக் கொடுத்து பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு முறைதான் சரியாகச் சொன்னார்கள். வாழ்க்கை முழுதும் இதையே பார்த்தவர்களின் நிலை இது. பின்னால் மதுரையில் எடுத்த புண் படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். மனிதர்களைவிட அது கொஞ்சம் மேலாகவே சொன்னது. கொஞ்சம்தான். மூன்று பேரில் ஒருவருக்குத் தப்பு மருந்து போவதை நாலைந்து பேரில் ஒருவர் என்று குறைத்தாலும், அந்த ஒருவர் உங்கள் அப்பாவாக இருந்தால்? சுரண்டிப் பார்க்க வசதி இல்லாத இடத்தில், "இதை இன்றைக்கே மதுரைக்கு அனுப்பு" என்று தள்ளிவிட இது உதவும் என்று நினைக்கிறேன். மருந்து எழுத இன்னும் தகட்டைத்தான் நம்புவேன்.

நீங்கள் கேட்காத ஒன்று: அடிபட்ட அன்றைக்கே என்ன செய்திருக்கலாம்? நேபாளத்தில் பக்தபூரில் கிராமத் தொண்டர்களைப் பழக்கி, கருவிழி கீறினவர்களுக்கு மூன்று நாள் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். 2001-இல் வந்த அந்த ஆய்வில், 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்ட ஒருவருக்கும் புண் வரவில்லை. ஆனால் அங்கே பாக்டீரியா அதிகம், நம் பக்கம் பூஞ்சையும் ஏறக்குறையப் பாதி. அதனால் மதுரை வட்டாரக் கிராமங்களில் சுமார் 48,000 பேரைப் பின்தொடர்ந்து அதே வேலையைச் செய்து பார்த்தார்கள். தொண்டர் ஒரு சாயத்தாளைக் கண்ணோரம் தொட்டு நீல விளக்கு அடித்துப் பார்ப்பார். கீறல் இருந்தால் பச்சையாக ஒளிரும். பாதிப் பேருக்குப் பூஞ்சைக் களிம்பும் சேர்த்து, பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் களிம்பு மட்டும். இரண்டு பக்கமும் கீறல்கள் நன்றாகவே ஆறின. ஸ்டீராய்டு கலக்காத சாதாரணக் களிம்பே போதுமாக இருந்தது. இதை வைத்துப் பெரிதாகத் துள்ளவும் முடியாது: நேபாளத்தில் பின்னர் ஊர்களையே குலுக்கிப் பிரித்துச் செய்த பெரிய சோதனையில், தொண்டர் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் புண் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. என் கணிப்பு, களிம்பு தோற்கவில்லை, கண்ணில் தூசி பட்டவர் தொண்டரிடம் போகவில்லை. "இதுக்கெல்லாமா போவாங்க" என்பது எல்லா ஊருக்கும் பொதுதானே.

அதனால் இனி வீட்டில் யாருக்குப் பட்டாலும்: கசக்க வேண்டாம், சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். நாக்கால் துரும்பு எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். நாக்கால் எடுக்கிற பாட்டியின் கைராசியை நான் பழிக்கவில்லை, வாயில் இருக்கிற கிருமிதான் பிரச்சினை. கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மறுநாளும் கரகரப்பு இருந்தால் பக்கத்து ஊர்க் கண் பரிசோதனை மையத்துக்குப் போங்கள். கதிர் அறுக்கிற மெஷின் பின்னால் நிற்பவர்களுக்கு ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வேர்க்கிறது என்று கழற்றுவார்கள், மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, பூ. புண் ஆறும்போது தழும்பு விழத்தான் செய்யும். சொட்டு மருந்தால் அது முழுக்க மறையாது. தழும்பு ஓரமாக இருந்தால் பார்வைக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. நடுவில் இருந்தாலும் முதல் சில மாதங்களில் கொஞ்சம் தெளியும், அதனால் உடனே முடிவு கட்டாதீர்கள். மேற்பரப்பு மேடு பள்ளமாக இருந்தால் சிலருக்குக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் நல்ல பார்வை தரும். அதுவும் போதாதென்றால் தானமாகக் கிடைத்த கருவிழியை மாற்றலாம். புண் ஆறாமல் கண்ணைக் காப்பாற்ற அவசரமாக வைக்கும் கருவிழி பெரும்பாலும் மங்கிவிடும், நோக்கம் தொற்றை வெட்டி எடுப்பதுதான். கண் முழுதும் அமைதியாகிப் பல மாதம் கழித்து வைப்பது நிற்க வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடமே கேளுங்கள்; புண் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது, கண்ணுக்குள் சீழ் கட்டியிருக்கிறதா என்று இந்த இரண்டையும் குறிப்பாகக் கேளுங்கள்.